முகநூல் பக்கம் இருக்கும்போது தனி இணையதளம் எதற்கு?

உங்கள் தாயார் இங்கே மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் வீட்டிலிருந்தபடியே 12 ஆண்டுகளாகப் பலகாரமும், கோயில் விசேஷங்களுக்கும் கல்யாணங்களுக்கும் வாழையிலையில் பரிமாறும் ஏழு கறிச் சாப்பாடும் செய்து கொடுத்து வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முகநூல் பக்கத்தை ஏறக்குறைய 7,000 பேர் பின்தொடர்கிறார்கள். ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது. முன்பணம், கைப்பேசியில் பணம் அனுப்பும் ஜூஸ் செயலியில் வந்து சேர்கிறது. இந்நிலையில் 45,000 ரூபாய்க்கு இணையதளம் செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார், அது தேவைதானா என்று கேட்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில், முகநூல் செய்யாத எந்த வேலையை இணையதளம் செய்யப்போகிறது, அந்த வேலைக்கு இத்தனை பணம் தகுமா என்பதுதான் கேள்வியின் உட்பொருள். காத்ர் போர்னில் முதலில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் பெயர்ப்பலகையும் வடிவமைத்துக்கொண்டிருந்தவன் நான். கடந்த 11 ஆண்டுகளாகச் சிறு கடைகளுக்கு இணையதளம் அமைத்தும் பராமரித்தும் வருகிறேன். ஆகவே இணையதளம் வேண்டும் என்று சொல்வதில் எனக்கு ஆதாயம் உண்டு. அதை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள். என் பதில் இதுதான்: தளம் வேண்டும், ஆனால் 45,000 ரூபாய்த் தளம் வேண்டாம், தளத்துக்கும் முன்னால் உங்கள் பெயரில் ஒரு முகவரி வேண்டும்.

முகநூலை விட்டுவிடச் சொல்பவர் யாராயினும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். சுடச்சுட எடுத்த அதிரசத்தின் படத்தைக் காலை 7 மணிக்குப் போட்டால் 9 மணிக்குள் 10 பேர் கேட்பார்கள். இந்த வேலையை எந்த இணையதளமும் செய்யாது. இந்தத் தீவில் வியாபாரம் பெரும்பாலும் ஒருவர் வாய்ச்சொல்லை மற்றவர் நம்பி நடப்பது. அந்த வாய்ச்சொல் இன்று முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும்தான் உலவுகிறது. எனவே நீங்கள் இப்போது செய்வதில் குறைக்க வேண்டியது ஒன்றுமில்லை.

அப்படியிருந்தும் தளம் ஏன் என்பதற்கு எல்லோரும் முதலில் சொல்லும் காரணம், சமூக ஊடகம் ஒருநாள் கைவிட்டுப்போகலாம் என்பது. இது வெறும் பயமுறுத்தல் அல்ல. நம் நாட்டிலேயே நடந்தது. 2024இல் தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது. மறுநாள், பொதுத்தேர்தலுக்கு 9 நாட்கள் இருந்தபோது, எல்லாச் சமூக ஊடகங்களையும் நவம்பர் 11 வரை நிறுத்திவைக்கும்படி இணையச் சேவை நிறுவனங்களுக்குத் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. பலத்த எதிர்ப்புக்குப் பின் அதற்கடுத்த நாளே, ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய நாளை நாம் நினைவுகூரும் நவம்பர் 2ஆம் தேதி, உத்தரவு விலக்கப்பட்டது. ஒரு நாள்தான், ஆனால் 10 நாட்களுக்கு என்று சொல்லப்பட்ட அந்த ஒரு நாளில், மண்டப அலங்காரம் செய்யும் என் வாடிக்கையாளர் ஒருவர், நவம்பர் மாதக் கல்யாண ஆர்டர்களில் பாதி முகநூலின் செய்திப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்று பதறிக்கொண்டு எனக்குத் தொலைபேசியில் பேசினார். அதற்கு முன் 2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை இரவு, முகநூலும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் உலகம் முழுவதும் ஏறக்குறைய 6 மணி நேரம் படுத்துவிட்டன. அந்த நிறுவனத்தின் சொந்தப் பராமரிப்பு வேலையில் நேர்ந்த பிழைதான் காரணம். இந்தியாவில் 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, தமிழ்நாட்டில் அதை மட்டுமே நம்பி விற்றுக்கொண்டிருந்தவர்கள் ஒரே இரவில் தங்கள் பார்வையாளர்களை இழந்தார்கள்.

இவை உண்மை என்றாலும், இவற்றுக்காக மட்டும் தளம் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 11 ஆண்டுகளில் இப்படிப்பட்ட நாட்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மேலும், இணையமே நின்றுபோனால் உங்கள் தளமும் சேர்ந்தே நிற்கும். நான் அடிக்கடி பார்ப்பது இவற்றைவிடச் சிறிய, ஆனால் வீட்டுக்குள்ளேயே நடக்கும் விபத்து: பக்கத்தை ஆரம்பித்துக் கொடுத்த மருமகனோ, முன்பு வேலைபார்த்த பெண்ணோ மட்டுமே அதன் நிர்வாகியாக இருப்பார், அவர் கணக்கு முடக்கப்படும், அல்லது கடவுச்சொல் களவுபோகும், அல்லது மனஸ்தாபமாகிவிடும், பக்கம் திரும்பக் கிடைக்காது. உங்கள் பக்கத்துக்கு இன்று எத்தனை நிர்வாகிகள், யார் யார் என்று பாருங்கள். குறைந்தது இருவர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் உங்கள் தாயாராக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் உள்ள வாடிக்கையாளர் எண்களை மாதம் ஒருமுறை ஒரு நோட்டிலாவது எழுதிவையுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

அன்றாட வியாபாரத்தில் தளம் உதவும் இடம் வேறு. உங்களை ஏற்கெனவே அறிந்தவர்களிடம் முகநூல் உங்களைக் கொண்டுசேர்க்கிறது, அதுவும் ஓரளவுக்குத்தான். வணிகப் பக்கங்களின் பதிவுகளைவிட நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே முன்னுரிமை தரப்போவதாக 2018 ஜனவரியில் அந்த நிறுவனமே வெளிப்படையாக அறிவித்தது. 7,000 பேர் பின்தொடர்கிறார்கள் என்றால் 7,000 பேர் பார்க்கிறார்கள் என்று பொருளல்ல; உங்கள் பக்கத்தின் புள்ளிவிவரப் பகுதியைத் திறந்து, சென்ற மாதம் காசு கொடுத்து விளம்பரம் செய்யாத ஒரு பதிவு எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று பாருங்கள், உங்களுக்கே தெரியும். உங்களை அறியாதவரோ முகநூலில் தேடுவதில்லை. மகளுக்குத் திருமணம் நிச்சயமான ஒரு வீட்டில், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒருவர் கூகுளில்தான் தேடுகிறார். பக்கத்துத் தீவான ரீயூனியனிலிருந்து உறவினர் கல்யாணத்துக்காக இங்கே வந்து ஏற்பாடுகள் செய்யும் குடும்பம் பிரெஞ்சு மொழியில் கூகுளிடம் கேட்கிறது. அவர்கள் கண்ணில் உங்கள் முகநூல் பக்கம் பட்டாலும், கணக்கில் உள்நுழையாதவர் திரையைச் சற்று கீழே நகர்த்தியதும், உள்நுழையச் சொல்லும் பெட்டி ஒன்று வந்து மறைத்துக்கொள்கிறது. அதையும் தாண்டி வந்தவருக்கு, 60 பேருக்குச் சாப்பாடு என்ன விலை என்ற தகவல் எங்கே கிடைக்கும்? 2023 மே மாதப் பதிவொன்றின் கீழே 14ஆவது கருத்துக்குப் பதிலாக நீங்கள் எழுதிய வரியில் கிடைக்கும். அந்த விலையும் பழையது.

உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து சென்ற 30 நாட்களில் வந்த கேள்விகளை எண்ணிப் பாருங்கள். குறைந்தது எத்தனை பேருக்குச் செய்வீர்கள்? எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்? இலையும் நீங்களே கொண்டுவருவீர்களா? பரிமாற ஆள் வருமா? மேபூர் வரை கொண்டுவந்து தருவீர்களா, அதற்குத் தனிக் கட்டணமா? தைப்பூசக் காவடி விரதக் காலத்தில் சைவச் சமையலுக்குத் தனிப் பாத்திரம் வைத்திருக்கிறீர்களா? முன்பணம் எவ்வளவு, ரத்து செய்தால் திரும்பக் கிடைக்குமா? இவற்றில் ஒவ்வொன்றையும் உங்கள் தாயார் அடுப்படியில் நின்றுகொண்டே நூறு முறை குரல்பதிவில் சொல்லியிருப்பார். இந்தப் பதில்கள் ஒரே இடத்தில், ஒரே ஒரு பக்கத்தில், தேதியோடு எழுதப்பட்டிருந்தால் அதுவே உங்களுக்குத் தேவையான இணையதளம். கேட்பவருக்கு அந்தப் பக்கத்தின் சுட்டியை அனுப்பினால் போதும். விலையில் பின்னால் தகராறு வந்தாலும், அன்று என்ன எழுதியிருந்தது என்று இருவரும் பார்த்துக்கொள்ளலாம். என் வாடிக்கையாளர்களில் இப்படி ஒரு பக்கத்தை மட்டுமே வைத்திருப்பவர்கள், ஆர்டர் கூடியது என்பதைவிட, வெட்டிப்பேச்சு குறைந்தது என்றுதான் அதிகம் சொல்கிறார்கள். கவனித்துக்கொள்ளுங்கள், நான் விற்பனையைப் பற்றி எந்த வாக்குறுதியும் தரவில்லை.

அந்தப் பக்கத்தை எழுதும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். விலைப்பட்டியலைப் படமாகப் போடாமல் எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். அழகான படத்துக்குள் எழுதியிருக்கும் விலையைத் தேடுபொறி படித்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. பார்வை குறைந்த பெரியவர்கள் அதைப் பெரிதாக்கிப் படிக்கவும் சிரமப்படுவார்கள். கைப்பேசியில் எடுத்த படம் ஒவ்வொன்றும் சில மெகாபைட் இருக்கும்; அதைச் சுருக்காமல் ஏற்றினால் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார். மொழியைப் பொறுத்தவரை, பிரெஞ்சு முதலில், ஆங்கிலம் அடுத்து என்று வைப்பதே இங்கே நடைமுறைக்கு ஒத்தது. தமிழில் பெயரும், இரண்டொரு வரியும், பலகாரங்களின் பெயர்களும் இருக்கட்டும். ரூபாய்த் தாள்களில் தமிழ் எண்களை வைத்திருக்கும் நாட்டில், முறுக்கை முறுக்கு என்று தமிழில் எழுத யாரும் தயங்க வேண்டியதில்லை. எழுதுவதை, எல்லாக் கைப்பேசியிலும் படிக்கவும் தேடவும் முடிகிற யூனிகோடில் எழுதுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்துப் படமாக்கி ஒட்டும் அச்சகப் பழக்கம் எனக்கே விடுபட வெகுநாள் ஆனது.

இனி முகவரிக்கு வருகிறேன். நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். தளம் என்பது இரண்டு பொருள்கள் சேர்ந்தது. ஒன்று டொமைன் என்று சொல்லும் பெயர். மற்றது அந்தப் பெயரைத் தட்டினால் திறக்கும் பக்கங்கள். பக்கங்கள் அழிந்தால் ஒரு வாரத்தில் திரும்ப எழுதிவிடலாம். பெயர் போனால், அட்டைப்பெட்டியிலும், வேனிலும், விசிட்டிங் கார்டிலும் அச்சடித்தது எல்லாம் வீண். பெயர் உங்கள் கையில் இருந்தால் அதை இன்று முகநூல் பக்கத்துக்கே திருப்பிவிடலாம். நாளை தளம் வந்ததும் தளத்துக்கு மாற்றலாம். முகநூல் மாதிரி இன்னொன்று வந்தால் அதற்கும் மாற்றலாம். வாடிக்கையாளருக்குத் தெரிந்த முகவரி மாறுவதே இல்லை. இலவசமாகக் கிடைக்கும் தளங்களில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது. கூகுள் தன் மேப்பில் கடைகள் செய்துகொள்ளும் வணிகப் பதிவோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்துவந்த சிறு தளங்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டது. நான் அமைத்துக்கொடுத்திருந்த இரண்டும் அதில் போயின. தளம் என்று ஒன்று இருந்தும், முகவரி அவர்களுடையதாக இருந்ததால், அது எங்களுடையதாக இருக்கவில்லை.

இதில் நான் கண்ட மிகக் கொடிய அனுபவம் ஒரு துணிக்கடைக்காரருடையது. தளம் செய்துகொடுத்தவர் பெயரைத் தன் பெயரிலேயே பதிவு செய்துகொண்டு, ஆண்டுதோறும் புதுப்பித்தல் கட்டணம் வாங்கிவந்தார். பிறகு வெளிநாடு போய்விட்டார், மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை, ஒரு தவணையில் பெயர் காலாவதியானது. டாட் காம் பெயர் காலாவதியானதும் உடனே போய்விடாது. பதிவு நிறுவனம் சில வாரங்கள் அவகாசம் தரும், அதன்பின் கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாட்கள், பிறகு 5 நாட்கள் காத்திருப்பு, அதற்குப் பின்னரே யாரும் வாங்கலாம். ஆனால் மீட்கும் உரிமை யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான். கடைக்காரர் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில் காலம் கடந்தது, வேறு யாரோ வாங்கிவிட்டார்கள், இரண்டு வேன்களுக்கு மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. குற்றம் சொல்லும் வாயால் என் குற்றத்தையும் சொல்ல வேண்டும்: ஒருமுறை என் வங்கி அட்டை காலாவதியாகி, நினைவூட்டல்கள் நான் பார்க்காத பழைய மின்னஞ்சலுக்குப் போய், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஒரு வாடிக்கையாளரின் தளம் 3 நாட்கள் திறக்கவில்லை. ஆகவே பெயரை உங்கள் தாயாரின் பெயரில், அவரே பார்க்கும் மின்னஞ்சலில், அவர் அட்டையில் வாங்குங்கள். இயன்றால் ஒரே தடவையாகச் சில ஆண்டுகளுக்குப் பணம் கட்டிவிடுங்கள்.

டாட் காம் பெயர் ஆண்டுக்குச் சுமார் 10 முதல் 15 டாலர், அதாவது நம் பணத்தில் 450 முதல் 700 ரூபாய் வரை. நம் நாட்டுக்குரிய டாட் மு அதைவிடப் பல மடங்கு விலை. அது உள்ளூர் நம்பிக்கையைக் கூட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. என் வாடிக்கையாளர்களிடம் அந்த வேறுபாட்டை நான் கண்டதில்லை, ஆனால் அது என் சிறிய வட்டத்தின் அனுபவம் மட்டுமே. பெயர் குறுகியதாக, தொலைபேசியில் சொன்னால் பிழையின்றி எழுதக்கூடியதாக இருந்தால் எந்த வாலும் சரிதான்.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கூகுளில் முதல் இடத்தில் கொண்டுவருகிறோம் என்று யாராவது சொன்னால், அது அவர்கள் கையில் இல்லாத பொருளை விற்பதாகும். வரிசையை முடிவு செய்வது கூகுள் மட்டுமே, அந்த வரிசையும் மாறிக்கொண்டே இருக்கும். உங்களைப் போன்ற வணிகத்துக்குத் தளத்தைவிட, கூகுள் மேப்பில் இலவசமாகச் செய்துகொள்ளும் வணிகப் பதிவு விரைவில் பலன் தரும் என்பது என் கணிப்பு. வீட்டு முகவரியைக் காட்டாமல், எந்தெந்த ஊர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள் என்று மட்டும் காட்டும் வசதியும் அதில் உண்டு. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டுத் தேடுவோர் பெருகிவருகிறார்கள். எழுத்தாக, திறந்த பக்கத்தில் இருக்கும் தகவல் அவற்றுக்கு எட்டும் வாய்ப்பு அதிகம் என்று எதிர்பார்ப்பது நியாயம், ஆனால் அதை வைத்துக் கணக்குப்போடும் அளவுக்கு எனக்கு அனுபவம் சேரவில்லை. போலிப் பக்கங்களைப் பற்றிச் சற்று உறுதியோடு பேசலாம். ஒருவருடைய படங்களைத் திருடிப் போலிப் பக்கம் திறந்து, வேறு எண்ணுக்கு முன்பணம் அனுப்பச் சொன்னதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். சரியான எண் எது என்று வாடிக்கையாளர் சரிபார்க்க ஒரு நிலையான இடம் இருந்தவர் அன்று மாலையே தப்பித்தார். இல்லாதவர் ஒரு வாரம் எல்லோருக்கும் தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருந்தார்.

45,000 ரூபாய்க்கு என்ன தருகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பெயர் யார் பெயரில் பதிவாகும், கடவுச்சொற்கள் உங்களிடம் தரப்படுமா, இரண்டாம் ஆண்டு முதல் எவ்வளவு கட்ட வேண்டும், விலையை நீங்களே மாற்ற முடியுமா அல்லது ஒவ்வொரு தடவையும் அவரை அழைக்க வேண்டுமா என்ற நான்கும் போதும். முகவரி https என்று தொடங்குவதற்கான பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் தனிக் கட்டணம் என்று எழுதியிருந்தால் காரணம் கேளுங்கள். அது இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே பக்கமுள்ள எளிய தளத்தை இலவசமாக வைத்துக்கொள்ளும் இடங்களும் உள்ளன. கணினி பழகிய ஒரு பிள்ளை வார இறுதியில் அமைத்துவிடலாம், அவற்றில் சிலவற்றில் உங்கள் சொந்தப் பெயரையும் இணைத்துக்கொள்ளலாம். அட்டையில் பணம் வாங்கும் வசதி, உறுப்பினர் கணக்கு, இணையவழி ஆர்டர் ஆகியவற்றை இப்போது தொடவே வேண்டாம். 60 பேர் சாப்பாட்டுக்கு எவரும் பேசாமல் பொத்தானை அழுத்திப் பணம் கட்டுவதில்லை. வாட்ஸ்அப்புக்குப் போகும் ஒரு பொத்தான் இருந்தால் நீங்கள் இப்போது செய்யும் முறையே தொடரும். பெயர், தொலைபேசி எண் கேட்கும் படிவம் வைத்தால் 2018 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடமைகளையும் பார்க்க வேண்டும். சட்டம் என் துறையன்று, தரவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் நேரே கேட்டுக்கொள்வது நல்லது. படிவமே வைக்காமலிருப்பது அதைவிட எளிது.

அடுத்த காவடிக்கு முன்னால் பலகாரப் பெட்டிகள் புதிதாக அச்சடிக்கக் கொடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். பழைய பெட்டியில் நீல நிற முகநூல் சின்னமும் அதன் அருகே நீளமான ஒரு பெயரும் இருக்கும். அச்சகத்துக்குப் போவதற்கு முந்தைய நாள் டொமைன் பெயரை வாங்கி, அது இப்போதைக்கு முகநூல் பக்கத்தையே திறக்கும்படி செய்துவிட்டு, பெட்டியில் அந்தப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் போடச் சொல்லுங்கள். ஒரு பக்கத் தளத்தைக் காவடி முடிந்து, கை ஓய்ந்த பிறகு நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.